பிரான்ஸ்டனிலிருந்து எந்தப் பக்கம்? குளிர்காலம் முடிந்து நேரோபோட்டைக் கிளப்பும் முன் ஓர் ஒப்பீடு

இங்கிலாந்துக் கால்வாய்களில் நேரோபோட் என்ற ஒடுங்கிய நீளப் படகையே வீடாக்கிக்கொண்டு, சொந்தக் கட்டுதுறை இல்லாமல் ஊர் ஊராக நகர்ந்து வாழ்பவர்களுக்கு பிப்ரவரி கடைசி வாரம் பரபரப்பானது. நவம்பர் 1-இல் தொடங்கிய குளிர்காலக் கட்டுதுறை அனுமதி பிப்ரவரியோடு முடிகிறது. அதன்பின் 1995-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம் சொல்வதுதான் நடைமுறை: ஒரே இடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது, நியாயமான காரணம் இருந்தால் மட்டும் கூடுதல் நாட்கள். கால்வாய்களைப் பராமரிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட், உரிமக் காலம் முழுவதும் 15, 20 மைல் எல்லைக்குள்ளேயே சுற்றிவரும் படகை உண்மையாகவே பயணம் செய்யும் படகு என்று ஏற்பது அரிது. ஆகவே கிளம்பத்தான் வேண்டும். எந்தத் திசை என்பதில்தான் தவறு நடக்கிறது.

ஓர் உண்மையான இடத்தை வைத்தே பார்ப்போம். நார்தாம்ப்டன்ஷயரின் பிரான்ஸ்டனில் ஆக்ஸ்ஃபோர்ட் கால்வாயும் கிராண்ட் யூனியன் கால்வாயும் சந்திக்கின்றன. அங்கே குளிர்காலத்தைக் கழித்த படகுக்கு ஐந்து வழிகள் திறந்திருக்கும்: வடக்கே ரக்பி வழியாக ஹாக்ஸ்பரியும் ஆஷ்பி கால்வாயும்; தெற்கே நாப்டன், பான்பரி வழியாக ஆக்ஸ்ஃபோர்ட்; தென்கிழக்கே மில்டன் கீன்ஸ் வழியாக லண்டன்; மேற்கே ஹேட்டன் ஏறி பர்மிங்ஹாம்; வடகிழக்கே ஃபாக்ஸ்டன் இறங்கி லெஸ்டர். படகு 57 அடி நீளம், 6 அடி 10 அங்குல அகலம், டீசல் இன்ஜின் என்று வைத்துக்கொள்வோம். அந்த நீளம் இருந்தால் நாட்டின் கால்வாய்களில் ஏறக்குறைய எங்கும் போகலாம்.

பலரும் அழகான வழியைத் தேடுகிறார்கள். ஜூன் மாதத்துக்கு அது சரி. மார்ச் மாதத்துக்கு எங்கள் கருத்து வேறு: முதல் இரண்டு, மூன்று வாரத்துக்கு எந்த வழியில் லாக்குகள் (படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள்) குறைவோ, ஆறு குறுக்கிடாதோ, பழுதானால் படகுப் பட்டறை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதோ, அந்த வழிதான் சரியான வழி. ஏன் என்பது படகின் பின்பக்கம், இன்ஜின் அறைக்குள் இருக்கிறது.

நான்கு மாதம் நின்ற படகில் எது எப்போது கெடும்

குளிர்காலத்தில் இன்ஜின் பேட்டரிக்கு மின்னேற்றுவதற்காக மட்டும் ஓடியிருக்கும், சுமை இழுத்திருக்காது. குறைகள் முதல் 20 மணி நேர ஓட்டத்தில்தான் வெளியே வரும்.

முதலில் டீசல். பாதி காலியான தொட்டியில் குளிரால் ஈரம் படிந்து தண்ணீர் அடியில் சேரும். தண்ணீரும் டீசலும் சேரும் எல்லையில் கிருமி வளர்ந்து கறுப்பான கொழகொழப்பாகி வடிகட்டியை அடைக்கும். கட்டி நிற்கும்போது இது தெரியாது. படகு ஆடி அசைந்து போகும்போதுதான் அடியில் கிடப்பது கலங்கி மேலே வரும். அதனால் கிளம்பும் நாளுக்கு முன்னமே நீர்பிரிப்பானின் அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பாருங்கள். தெளிந்த சிவப்பு டீசல் (படகுக்கு வாங்கும் டீசல் சாயமிட்டது) மட்டும் வரும்வரை வடிக்க வேண்டும். கறுப்புத் துகள் தெரிந்தால் கிருமிக்கொல்லி மருந்து விட்டு, மாற்று வடிகட்டி இரண்டையாவது கையில் வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

அடுத்தது புரொப்பெல்லர் தண்டு படகின் உடலைத் துளைத்து வெளியேறும் இடத்தில் உள்ள ஸ்டெர்ன் கிளாண்ட். நின்ற படகில் அதன் திணிப்பு காய்ந்து இறுகியிருக்கும். ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழுவது நல்லது. நிறுத்தியதும் கிரீஸ் குழலின் பிடியைத் தடை தெரியும்வரை திருகினால் சொட்டு நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் இறுக்கும் நட்டுகள் இரண்டையும் சமமாக, ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் இறுக்குங்கள். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுக் கையை வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கலாம், சுடக் கூடாது. சுட்டால் அளவு மீறி இறுக்கிவிட்டீர்கள், தண்டு தேயும்.

பேட்டரியைப் பற்றி ஒரு வரி: லெட்-ஆசிட் பேட்டரி ஓய்வில் 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே அடிக்கடி போயிருந்தால் அதன் ஆயுள் கரைந்துவிட்டது.

வீட் ஹேட்ச் என்ற மூடியைத் திறந்து புரொப்பெல்லரில் சுற்றிய துணி, கம்பி, பிளாஸ்டிக் பையை எடுப்பது எல்லோருக்கும் தெரிந்த வேலை. சாவியைக் கழற்றிப் பையில் போட்டபின்தான் கையை உள்ளே விட வேண்டும். அதைவிட முக்கியம் மூடியைத் திரும்ப மாட்டுவது. ரப்பர் விளிம்பு சரியாக உட்காராமல் இன்ஜினை வேகப்படுத்தினால், புரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் அந்தத் துளை வழியே இன்ஜின் அறைக்குள் கொட்டும். மூழ்கிய படகுகளில் பலவற்றின் கதை இந்த மூடிதான். மாட்டியபின் கியரில் போட்டு, ஒரு நிமிடம் நின்று, விளிம்பைச் சுற்றி விரலால் தடவி ஈரம் பாருங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் ஏதாவது ஒன்று முதல் வாரத்தில் தகராறு செய்யும் என்ற கணக்கில்தான் திசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தூரத்தைக் கணக்கிடுவது எப்படி

கால்வாயில் மைலை மட்டும் எண்ணினால் ஏமாற்றம்தான். வேக வரம்பு மணிக்கு 4 மைல். கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது இன்ஜினைக் குறைந்தபட்ச ஓட்டத்துக்கு இறக்க வேண்டும் என்பதால் சராசரி 3-ஐத் தாண்டாது. ஒரு லாக்குக்கு 15 முதல் 20 நிமிடம். ஆகவே மைலையும் லாக்கையும் கூட்டி மூன்றால் வகுத்தால் மணிக்கணக்கு கிடைத்துவிடும். பழகிய படகுக்காரர்கள் எல்லோரும் போடும் கணக்கு இது. இன்ஜின் மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் டீசல் குடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் செலவும் தெரியும்.

வடக்கே ஆஷ்பியின் கடைசிவரை சுமார் 48 மைல், 4 லாக்: 17 மணி நேரம். தெற்கே ஆக்ஸ்ஃபோர்ட்வரை சுமார் 55 மைல், ஏறக்குறைய 40 லாக்: 31, 32 மணி நேரம். லண்டனில் பிரென்ட்ஃபோர்ட்வரை சுமார் 93 மைல், நூறுக்குச் சற்று மேல் லாக்: 65 மணி நேரம். நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டாமல், நடுவில் வேலைக்கும் போய்வருபவருக்கு இந்த வேறுபாடு ஒரு வாரத்துக்கும் ஒரு மாதத்துக்கும் உள்ள வேறுபாடு.

வடக்கே: ரக்பி, ஹாக்ஸ்பரி, ஆஷ்பி

இதுதான் எங்கள் முதல் தேர்வு. பெயருக்கும் புகழுக்கும் இந்த வழியில் அதிகம் இல்லை. பிரான்ஸ்டனிலிருந்து ஏழு மைலுக்கு மேல் லாக்கே இல்லை. பிறகு ஹில்மார்ட்டனில் மூன்று லாக். ஒவ்வொன்றும் பக்கத்தில் பக்கத்தில் இரட்டையாகக் கட்டப்பட்டிருப்பதால், ஒன்று பழுதானாலும் மற்றதில் போகலாம். டிரஸ்ட்டின் கால்வாய்களிலேயே அதிகப் படகுகள் கடக்கும் லாக்குகளில் இவை முன்னணியில் நிற்கின்றன. மார்ச் தொடக்கத்தில் அந்த நெரிசல் இருக்காது.

ரக்பியின் பிரவுன்ஸ்ஓவரில் கட்டினால் நடந்துபோகும் தூரத்தில் சூப்பர் மார்க்கெட். மளிகை, இன்ஜின் ஆயில், மாற்று பெல்ட் எல்லாம் சக்கர வண்டியில் தள்ளி வந்துவிடலாம். ஹில்மார்ட்டனிலிருந்து ஹாக்ஸ்பரிவரை சுமார் 15 மைல் லாக் இல்லை. 1830-களின் தொடக்கத்தில் வளைவுகளை வெட்டி நேராக்கி, இந்த வடபகுதியை ஏறக்குறைய 14 மைல் சுருக்கினார்கள். அதனால் கரை மேடுகளும் வெட்டுப் பள்ளங்களும் நேராகப் போகின்றன. எதிர்ப்படும் படகு தொலைவிலேயே தெரியும். நான்கு மாதம் சுக்கான் பிடிக்காத கைக்கு இது பெரிய உதவி.

குறையையும் சொல்ல வேண்டும். ரயில் பாதை பல இடங்களில் ஒட்டியே ஓடுகிறது; ஆன்ஸ்டி பக்கம் நெடுஞ்சாலை இரைச்சல் இரவிலும் ஓயாது. தூங்குவதற்குக் கட்டும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஹாக்ஸ்பரி சந்திப்பில் ஓரடிக்கும் குறைவாக நீர்மட்டம் மாறும் ஒரு லாக். அதைக் கடந்த கையோடு கோவென்ட்ரி கால்வாய்க்குள் முழுதாகத் திரும்ப வேண்டும். 57 அடிப் படகை அங்கே ஒரே மூச்சில் திருப்ப முயன்றால் அணியம் (படகின் முன்முனை) எதிர்க்கரையில் இடிக்கும். வேகத்தைக் குறைத்து, சுக்கானை முழுதாகத் தள்ளி, ஒரு வீச்சு முடுக்கிவிட்டு, மீண்டும் குறைத்து, படகு தன் நடுவைச் சுற்றித் திரும்பும்வரை பொறுத்திருப்பதுதான் முறை. வேடிக்கை பார்க்கச் சந்திப்பில் எப்போதும் கூட்டம் இருக்கும், அவசரப்பட வேண்டாம்.

மூன்று மைல் தள்ளி மார்ஸ்டன் சந்திப்பில் ஆஷ்பி கால்வாய் பிரிகிறது. 22 மைல், ஒரு லாக்கும் இல்லை. ஹிங்க்லி, மார்க்கெட் பாஸ்வர்த், ஷேக்கர்ஸ்டோன் என்று ஊர்கள். ஆழம் குறைவு என்பதுதான் ஒரே சிக்கல். வேகம் கூட்டினால் பின்பக்கம் தணிந்து அடியில் தட்டும், படகு மெதுவாகும். வேகத்தைக் குறைத்தால்தான் முன்னே போகும். கரையை ஒட்டிக் கட்ட முடியாத இடங்களில் நடைபலகை வேண்டும். கடைசிவரை போனால் அதே வழியில் திரும்ப வேண்டும் என்று சிலர் குறைசொல்வார்கள். மார்ச் மாதத்தில் எங்களுக்கு அது குறையே இல்லை: போகும்போது பார்த்து வைத்த தண்ணீர்க் குழாயும் பட்டறையும் திரும்பும்போது பயன்படும். போன தூரமும் 15, 20 மைலைத் தாராளமாகத் தாண்டிவிடும்.

தெற்கே: நாப்டன், பான்பரி, ஆக்ஸ்ஃபோர்ட்

அழகில் இதற்கு ஈடில்லை. அதில் கருத்து வேறுபாடு கிடையாது. 1790-இல் ஆக்ஸ்ஃபோர்ட்வரை திறக்கப்பட்ட இந்தக் கால்வாயின் தென்பகுதியை யாரும் நேராக்கவில்லை. நாப்டன் காற்றாலையின் கீழே தொடங்கும் ஒன்பது லாக் ஏறினால், கிளேடன்வரை 11 மைல் உச்சிமட்டம், அதாவது கால்வாயின் மிக உயரமான சமதளம். குன்றுகளின் சம உயரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போவதால், நேர்கோட்டில் பாதித் தூரம்கூட வராது. மார்ச் காற்றில் இந்த 11 மைல்தான் சோதனை. நேரோபோட்டின் அடிப்பாகம் தட்டை. பக்கவாட்டுக் காற்றைத் தாங்க ஆழமான அடிக்கட்டை கிடையாது. மரமில்லாத வளைவில் மணிக்கு 25 மைல் வேகத்தில் காற்று அடித்தால் படகு நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்து சேற்றில் ஒதுங்கும். முன்னறிவிப்பில் அப்படிக் காற்று இருந்தால் ஒன்பது லாக்கின் உச்சியில் உள்ள மார்ஸ்டன் டோல்ஸிலேயே கட்டிவிட்டு ஒரு நாள் பொறுப்பது நல்லது.

லாக்குகள் எல்லாம் 7 அடிக் குறுகிய லாக்குகள். தனியாகப் போகிறவருக்கு இவை கிராண்ட் யூனியன் லாக்குகளைவிட எளிது: கதவு லேசு, படகு பக்கவாட்டில் அலையாது. ஆனால் கிளேடனிலிருந்து ஆக்ஸ்ஃபோர்ட்வரை எல்லாம் இறக்கம். இறங்கும் லாக்கில் மேல்கதவுக்கு அடியில் ஒரு கல்திண்டு நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் வடியும்போது அது வெளியே வரும். படகின் பின்பக்கம் அதன்மேல் உட்கார்ந்துவிட்டால் முன்பக்கம் தாழ்ந்துகொண்டே போய், தண்ணீர் உள்ளே புகுந்து, சில நிமிடங்களில் படகு மூழ்கும். சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். சுக்கான் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்கிறதா என்று கீழ்க்கதவின் மதகுப் பலகையைத் தூக்குமுன் ஒருமுறை, பாதி வடிந்தபின் ஒருமுறை பாருங்கள். கயிற்றைக் கரைக் கட்டையில் முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள். ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்து, படகு இறங்க இறங்க விட்டுக்கொடுங்கள். ஏதாவது கோணலாகத் தெரிந்தால் முதல் வேலை மதகை இறக்குவது, இரண்டாவது மேல்மதகைத் திறந்து தண்ணீரை ஏற்றுவது. பக்கத்தில் தொங்கும் ரப்பர் தடுப்புகளை லாக்குக்குள் நுழையும் முன் எடுத்துவிட வேண்டும்; 7 அடிச் சந்துக்குள் அவை ஆப்புபோல இறுகிவிடும்.

பான்பரிக்குக் கீழேதான் உண்மையான தடை. செர்வெல் ஆறு இந்தக் கால்வாயோடு இரண்டு இடத்தில் கலக்கிறது. ஐனோ வியர் லாக்குக்கு மேலே ஆறு கால்வாயைக் குறுக்கே கடக்கிறது. பேக்கர்ஸ் லாக்குக்கும் ஷிப்டன் வியர் லாக்குக்கும் நடுவே சுமார் ஒரு மைலுக்கு ஆறும் கால்வாயும் ஒன்றே. ஐனோ வியர், ஷிப்டன் வியர் லாக்குகள் இரண்டும் வழக்கமான செவ்வகமாக இல்லாமல் அகன்று கிடப்பதைப் பார்க்கலாம். அவற்றில் மட்ட வேறுபாடு மிகக் குறைவு. ஆனால் கீழே உள்ள ஆழமான லாக்குகளுக்குத் தேவையான அளவு தண்ணீரை ஒவ்வொரு முறையும் அனுப்ப வேண்டும், அதற்காகவே அந்த அகலம். ஐனோவுக்குக் கீழே இருக்கும் சோமர்டன் டீப் லாக் மட்டுமே 12 அடி இறங்குகிறது.

மழை பெய்தால் செர்வெல் இரவோடு இரவாக ஏறும். நீர்மட்டப் பலகையில் சிவப்பு தெரிந்தால் போகக் கூடாது என்று பொருள். பிப்ரவரி, மார்ச்சில் அது நாள்கணக்கில் சிவப்பாகவே நிற்கும். அப்போது பின்னால் திரும்பவும் வழி சுருங்கும்: 57 அடிப் படகு கால்வாயில் நினைத்த இடத்தில் திரும்ப முடியாது, வின்டிங் ஹோல் என்று கரையை அகழ்ந்து வைத்திருக்கும் இடங்களில் மட்டும்தான் முடியும். பான்பரியில் நின்றுகொண்டால் கவலையில்லை. கடைகள் உண்டு, ரயில் நிலையம் உண்டு, 1790 முதல் இருக்கும் டூலீஸ் பட்டறையின் உலர்துறையும் உண்டு. அதைத் தாண்டியபின் சிக்கிக்கொண்டால் லோயர் ஹேஃபோர்டும் த்ரப்பும்தான் துணை.

எனவே தெற்கே போக ஆசை இருந்தால் இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். மார்ச்சில் பான்பரிவரை மட்டும். ஏப்ரல் நடுவில் ஆறு தணிந்தபின் மீதி. மே முடிவதற்குள் திரும்பியும் விடுங்கள், ஏனென்றால் இந்தக் கால்வாயின் கோடைச் சிக்கல் நேர் எதிரானது: உச்சிமட்டத்துக்குத் தண்ணீர் தருபவை பாடிங்டன், கிளாட்டர்கோட், வார்ம்லெய்ட்டன் நீர்த்தேக்கங்கள், வறண்ட ஆண்டில் அவை வற்றினால் நாப்டன், கிளேடன் லாக்குகளைத் திறக்கும் நேரத்தைக் குறைப்பார்கள், சில சமயம் மூடியே விடுவார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டை அடைந்து அங்கிருந்து தேம்ஸில் இறங்கலாமா? மார்ச்சில் வேண்டாம். தேம்ஸ் என்விரான்மென்ட் ஏஜென்சி என்ற அரசு அமைப்பின் கீழ் இருப்பதால் டிரஸ்ட்டின் உரிமம் செல்லாது, தனியாக வாங்க வேண்டும். குறுகிய காலத்துக்கும் கிடைக்கும். அங்கே லாக்குகளில் சிவப்புப் பலகை வைத்திருந்தால் ஓட்டம் பலமாக இருக்கிறது, படகை எடுக்காதீர்கள் என்று பொருள். மஞ்சள் பலகையில் நீரோட்டம் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று எழுதியிருக்கும். ஏறுகிறது என்றால் அதுவும் நேரோபோட்டுக்குச் சிவப்புதான். 15 டன் எடையுள்ள படகு ஓட்டத்தோடு போகும்போது இன்ஜின் நின்றால் நேரே வியர் என்ற தடுப்பணைக்குத்தான் இழுத்துச் செல்லும். அதனால்தான் ஆற்றுக்கு நங்கூரம் வேண்டும்: இந்த அளவுப் படகுக்கு 20 கிலோவுக்குக் குறையாமல், சில மீட்டர் சங்கிலியும் நீண்ட கயிறும் சேர்த்து, கயிற்றின் மறுமுனை படகில் கட்டப்பட்ட நிலையில், மூட்டைக்குள் இல்லாமல் கையெட்டும் இடத்தில். இன்ஜின் புதிதாக ஓடத் தொடங்கிய மாதத்தில் இந்தப் பரீட்சை தேவையில்லை.

தென்கிழக்கே: லண்டன் பக்கம்

லண்டனில் வேலையோ, பள்ளியோ, மருத்துவமோ இருப்பவர்களுக்கு வேறு வழியில்லை. மற்றவர்களுக்கு இதில் நல்ல பாதி, கஷ்டமான பாதி என்று இரண்டு உண்டு.

தொடக்கமே உழைப்பு: பிரான்ஸ்டனில் ஆறு லாக் ஏற்றம், 2,042 கெஜ நீளச் சுரங்கம், பிறகு பக்பியில் ஏழு லாக் இறக்கம். சுரங்கம் 1796-இல் திறக்கப்பட்டது. இரண்டு நேரோபோட் எதிரெதிரே கடக்கும் அகலம் உண்டு, ஆனால் நடுவில் ஒரு நெளிவு இருக்கிறது. முன்விளக்கைச் சற்று மேலேயும் வலப்புறமும் சாய்த்துப் பொருத்துங்கள். நேராக வைத்தால் எதிரே வருபவரின் கண் கூசும். எதிர்ப்படகு வந்தால் வேகத்தைக் குறைத்து வலச்சுவரை ஒட்டி நில்லாமல் நகருங்கள். முழுதாக நிறுத்தினால் சுக்கான் வேலை செய்யாது.

பக்பி இறங்கியபின் சுமார் 15 மைல் சமதளம். நடுவில் 3,076 கெஜம் நீளமுள்ள பிலிஸ்வர்த் சுரங்கம், முடிவில் ஸ்டோக் புரூயர்னின் ஏழு லாக். பிறகு காஸ்குரோவ் இரும்புத் தொட்டிப் பாலம் கடந்து, மில்டன் கீன்ஸைச் சுற்றி இன்னொரு பத்து, பதினோரு மைல் லாக் இல்லாத தண்ணீர். வடக்குவழி பிடிக்காதவர்களுக்கு நாங்கள் சொல்லும் இரண்டாம் தேர்வு இந்த மில்டன் கீன்ஸ் நீட்சிதான். கடைகள், ரயில், கட்டுவதற்குத் தாராளமான கரை எல்லாம் உண்டு. லெய்ட்டன் பஸர்டில் சூப்பர் மார்க்கெட் கால்வாய் ஓரத்திலேயே இருக்கிறது.

இங்கே லாக்குகள் 14 அடி அகலம். இரண்டு நேரோபோட் சேர்ந்து போனால் வேலையும் தண்ணீரும் பாதி. பிரான்ஸ்டனில் காத்திருந்து ஒரு துணைப்படகைப் பிடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். தனியாக ஏறும்போது படகு எந்தச் சுவரை ஒட்டி நிற்கிறதோ அதே பக்கத்துத் தரைமதகை (கதவில் இல்லாமல் கரையில் இருக்கும் மதகை) முதலில், பாதியளவு திறக்க வேண்டும். தண்ணீர் படகின் அடியில் பாய்ந்து எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி, படகைச் சுவரோடு அணைத்துவைக்கும். எதிர்ப்பக்க மதகை முதலில் திறந்தால் 15 டன் இரும்பு சுவருக்குச் சுவர் அலைந்து, உள்ளே அலமாரியில் இருப்பதெல்லாம் தரைக்கு வரும். அணியத்துக்கு எதிரே கதவில் இருக்கும் மதகை, தண்ணீர் மட்டம் அதன் வாயைத் தாண்டும்வரை தொடக் கூடாது. முன்னறைக்குள் அருவியாகக் கொட்டும்.

ட்ரிங் உச்சிக்கு அப்பால் லாக் மேல் லாக். லண்டனுக்குள் போனபின் பேடிங்டன் கிளை லாக் இல்லாமல் 13 மைலுக்கு மேல் ஓடினாலும், கட்ட இடம் தேடுவதே தனி வேலை. பல இடங்களில் இன்னொரு படகின் பக்கத்தில் இணைத்துத்தான் கட்ட வேண்டியிருக்கும். தண்ணீர்க் குழாயிலும் கழிவுத்தொட்டி கொட்டும் இடத்திலும் வரிசை. அவசரமில்லாதவர்கள் மார்ஸ்வர்த்துக்கு வடக்கிலேயே நின்றுகொள்ளலாம்.

மேற்கும் வடகிழக்கும்

ஹேட்டன் வழி உடம்புக்குச் சவால். நாப்டன் சந்திப்பிலிருந்து ஏவன் பள்ளத்தாக்குக்கு 23 லாக் இறக்கம்; பிறகு 23 லாக் ஏற்றம், அதில் 21 ஒரே அடுக்காக இரண்டு மைலுக்குள், சுமார் 45 மீட்டர் உயரம். 1930-களில் அகலப்படுத்திய இந்த லாக்குகளின் மதகுகளுக்கு விண்ட்லாஸ் என்ற கைத்திருகியை இருபது சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். நான்கு மாதம் அடுப்போரம் உட்கார்ந்த முதுகு இதற்கு ஒப்புக்கொள்ளாது. இருவருக்குக் குறைவாக இருந்தால் ஏப்ரல்வரை தள்ளிப்போடுங்கள்.

லெஸ்டர் வழியில் மேல்பகுதி மட்டும் மார்ச்சுக்கு ஏற்றது. நார்ட்டன் சந்திப்பில் திரும்பி, வாட்ஃபோர்டில் ஏழு லாக் ஏறினால் ஃபாக்ஸ்டன்வரை சுமார் 20 மைல் அமைதியான உச்சிமட்டம். கிரிக்கை விட்டால் கடை அபூர்வம் என்பதால் நிலக்கரியும் அரிசியும் முன்னமே ஏற்றிக்கொள்ள வேண்டும். வாட்ஃபோர்டிலும் ஃபாக்ஸ்டனிலும் ஒன்றோடொன்று ஒட்டிய படிக்கட்டு லாக்குகள், காவலரிடம் சொல்லிவிட்டுத்தான் நுழைய வேண்டும். திறந்திருக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். சிவப்பு மதகு முதலில், வெள்ளை மதகு பிறகு. சிவப்பு பக்கக் குளத்திலிருந்து கீழ் லாக்கை நிரப்புகிறது. வெள்ளை மேல் லாக்கை அந்தக் குளத்தில் கொட்டுகிறது. மாற்றித் திறந்தால் நிறைந்திருக்கும் குளத்தின்மேலேயே கொட்டி, தண்ணீர் பாதையில் வழியும். ஃபாக்ஸ்டனுக்குக் கீழே லெஸ்டரை நெருங்கினால் சோர் ஆறு. செர்வெலுக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

யாருக்கு எது

தனியாக வாழ்பவர், புதிதாகப் படகு வாங்கி முதல் குளிர்காலத்தை முடித்தவர், இன்ஜின்மேல் நம்பிக்கை குறைந்தவர்: வடக்கு, ஆஷ்பி. வாரத்தில் மூன்று நாள் ரயிலேறி லண்டனில் வேலைக்குப் போகிறவர்: மில்டன் கீன்ஸ் நீட்சி. சிறு குழந்தையோடு இருப்பவர்களுக்கும் நாங்கள் வடக்கையே சொல்வோம். லாக்கில் இருவருக்கும் வேலை இருக்கும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது, லாக் குறைவான வழியில் அந்தக் கவலையும் குறைவு. பழகிய கை, இருவர், காத்திருக்க நேரம் உள்ளவர்கள்: பான்பரிவரை தெற்கு, பிறகு ஆற்றைப் பார்த்து மீதி.

செலவில் திசைக்குத் திசை பெரிய வேறுபாடு டீசலில் மட்டும்தான். தனியார் உல்லாசப் படகுகள் பிரிட்டனில் இன்றும் சிவப்பு டீசல் வாங்கலாம். ஓட்டத்துக்குப் போகும் பங்குக்கு முழு வரி, வீட்டுப் பயன்பாட்டுக்குக் குறைந்த வரி. ஓட்டத்துக்கு 60 சதவீதம், வீட்டுக்கு 40 சதவீதம் என்று எழுதுவது வழக்கம். உங்கள் உண்மையான பயன்பாடு வேறாக இருந்தால் அதையே சொல்லுங்கள். இன்னொன்று உரிமக் கட்டணம்: சொந்தக் கட்டுதுறை இல்லாத படகுகளுக்கு 2024 ஏப்ரலிலிருந்து கூடுதல் கட்டணம் 5 சதவீதத்தில் தொடங்கி ஆண்டுதோறும் ஏறுகிறது; 2028-இல் 25 சதவீதம். நகர்ந்துகொண்டே இருப்பதா, ஒரு துறையை வாடகைக்கு எடுப்பதா என்ற பெரிய முடிவை யோசிப்பவர்கள் அந்தக் கணக்கையும் போட வேண்டும்.

மார்ச் 1-ஆ, மார்ச் 15-ஆ

திசை முடிவானபின் நாள். டிரஸ்ட் தன் பெரிய பழுதுவேலைகளை நவம்பர் முதல் மார்ச்வரை செய்கிறது. ஒரு லாக்கின் தண்ணீரை வடித்துக் கதவை மாற்றும் வேலை குறித்த நாளைத் தாண்டிப் போவது சாதாரணம். ஆகவே போகும் வழி முழுவதற்கும் ஸ்டாப்பேஜ் என்ற வழியடைப்பு அறிவிப்பைப் பார்த்து, அந்தப் பகுதிக்கு மின்னஞ்சல் எச்சரிக்கையும் பதிவுசெய்துகொள்ளுங்கள். வழியில் எல்லாம் திறந்திருந்தால்கூட முதல் தேதியே நீண்ட பயணம் தொடங்காதீர்கள். அனுமதி முடிந்த நாளில் இரண்டு மணி நேர ஓட்டம் மட்டும்: டீசல் நிரப்பி, கழிவுத்தொட்டியைக் காலிசெய்து, தண்ணீர்த் தொட்டியைக் கழுவி நிரப்பி, காஸ் உருளையைப் பாருங்கள். உறைபனி இரவுகள் இன்னும் மிச்சமிருக்கும் என்பதால் புரொப்பேன்தான் வேண்டும். பூஜ்ஜிய டிகிரியில் பியூட்டேன் ஆவியாகாது, அடுப்பு எரியாது.

அன்றிரவு கட்டியபின் இன்ஜின் அறையின் அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவையுங்கள். காலையில் அதில் இருக்கும் கறை எண்ணெயா, டீசலா, குளிர்நீரா, வெறும் தண்ணீரா என்று பார்த்தால் எந்த இணைப்பு கசிகிறது என்று தெரிந்துவிடும். பட்டறை இன்னும் இரண்டு மணி நேரத் தூரத்தில்தான் இருக்கிறது. தாள் காய்ந்திருந்தால் மேலும் ஒரு வாரம் அதே சமதளத்தில் நகர்ந்துவிட்டு, மார்ச் நடுவில், பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும்போது, முதல் லாக் அடுக்கை எடுங்கள்.